சட்டையிலும் செக், பேங்க்கிலும் செக்!

கேள்வி: கதவு பூட்டியிருக்கிறதா என்று செக் பண்ணுகிறோம், செக் சட்டை போடுகிறோம், பேங்க்கில் செக் கொடுக்கிறோம், போதாததற்கு அரசியலில் ஒருத்தருக்கு ஒருத்தர் செக் வேறு வைக்கிறார்கள். எல்லாம் ஒரே ஆங்கில வார்த்தையா, இல்லை ஒலி மட்டும் ஒன்றா?

பதில்: ஒரே வார்த்தைதான். நாலுக்கும் பின்னால் ஒரு ராஜா நிற்கிறார்.

பாரசீக மொழியில் அரசனுக்கு 'ஷா' என்று பெயர் (நம் 'க்ஷத்ரிய'வுக்கு இது தூரத்து உறவு). இங்கிருந்து பாரசீகம் போன சதுரங்கத்தில், எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது "ஷா!" என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். ஆட்டம் அரபிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தக் குரலும் கூடவே போய், பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆகி, ஆங்கிலத்தில் தலை தேய்ந்து செக் என்று நின்றது. அதன் பன்மைதான் செஸ். அதாவது ஆட்டத்தின் பெயரே 'ராஜாக்கள்'.

சரி, ராஜா எப்படிச் சரிபார்க்கிற வேலைக்கு வந்தார்? ஆடுகிறவர்களுக்குத் தெரியும், நாலு நகர்த்தலுக்கு முன்பிருந்தே குதிரையை எங்கே கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருப்போம், செக் விழுந்ததும் அத்தனையும் அப்படியே நிற்கும், முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அந்த 'திடீர்த் தடை'தான் வார்த்தையின் அடுத்த அர்த்தம். தடுப்பது, கட்டுக்குள் வைப்பது என்று நகர்ந்து, தப்பு நடக்காமல் கட்டுக்குள் வைக்க ஒப்பிட்டுப் பார்ப்பது என்று வந்து சேர்ந்தது. என்னைக் கேட்டால், நாம் சொல்கிற 'செக் வைத்தான்'தான் மூலத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

சட்டைக் கதை சுலபம்: சதுரங்கப் பலகையின் கட்டங்கள் துணிக்கு ஏறிவிட்டன.

பேங்க் செக்கின் வழி கொஞ்சம் சுற்று. 18ஆம் நூற்றாண்டில், பணம் எடுக்கும் சீட்டைக் கிழித்த பிறகு கையில் தங்கும் அடிக்கட்டைக்குத்தான் செக் என்று பெயர். யாராவது தொகையைத் திருத்தினால் அதை வைத்துப் பிடித்துவிடலாம், மோசடிக்குத் தடை. அப்புறம் பெயர் சீட்டுக்கே வந்துவிட்டது. அமெரிக்கர்கள் இன்றும் அதைப் பழைய எழுத்துகளிலேயே எழுதுகிறார்கள், பிரிட்டிஷ்காரர்கள்தான் கடைசியில் ஒரு 'க்யூ'வைச் செருகினார்கள். அது 'எக்ஸ்செக்கர்' என்ற வார்த்தையின் சாயல், அதாவது அவர்களுடைய அரசுக் கருவூலம். அந்தப் பெயருக்கும் காரணம் சதுரங்கம்தான்! 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வரிக்கணக்குப் பார்க்க சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேஜை போட்டு, மேலே கோடு போட்ட கறுப்புத் துணியை விரித்து, கட்டங்களில் வில்லைகளை நகர்த்திப் பவுண்டும் ஷில்லிங்கும் கூட்டினார்கள். பார்க்க சதுரங்கப் பலகை மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். பலகையில் ராஜாக்கள் மோதுவது போல இங்கே கருவூல அதிகாரியும் தன் மாவட்டத்து வரியைக் கட்ட வந்த ஷெரீபும் (மாவட்டத்தில் ராஜாவின் அதிகாரி) மோதுகிறார்கள் என்று அக்காலத்துக் கருவூல அதிகாரி ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் எழுதி வைத்திருக்கிறார். பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அந்த மேஜை இன்னும் இருக்கிறது.

கேள்வி: செக்மேட் என்றால் 'ராஜா செத்தான்' என்று படித்தேன். சரியா?

பதில்: பரவலாகச் சொல்வதுதான். அரபியில் 'மாத்த' என்றால் செத்தான், அதை வைத்துச் சொல்கிறார்கள். ஆனால் பாரசீகத்தில் 'மாத்' என்றால் வழியில்லாமல் திகைத்து நிற்பவன், எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆட்டத்தில் சிப்பாயை வெட்டுவோம், ராணியை வெட்டுவோம், ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே. நகர இடமில்லாமல் நின்ற இடத்திலேயே நிற்கிறார், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் செக் குடியரசு?

பதில்: அது அந்த மக்களின் பெயர், ராஜாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம்ம செக்கு மாட்டையும் விட்டுவிடுங்கள்.