சித்திரை வெயிலில் தூண்டில்: முதலில் ஓட்டத்தைத் தேடுங்கள்

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டு ஆறுகளில் கோடையில் ட்ரவுட் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்து ராடும் ரீலும் வாங்கினேன். லீவுக்கு ஊருக்கு வந்ததிலிருந்து காலை பத்து மணிக்கு மேல் அரியமான் கரையில் நிற்கிறேன். பொடி மீனான கீச்சான்தான் இரையைக் கொத்திவிட்டுப் போகிறது. என்ன இரை போட்டால் நல்ல மீன் படும்?"

இரையை அப்புறம் பார்ப்போம். நீங்கள் நிற்கும் இடமும் நேரமும் சரியில்லை.

ட்ரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல்தான். நம் மாநிலத்தில் நீலகிரி போன்ற உயரமான மலைகளில் மட்டுமே பிழைக்கும். அதற்குப் போடும் மண்புழுவும் இறகு கட்டிய செயற்கை ஈயும் நம் கடலுக்கு உதவாது. ஆனால் அதைப் பிடிப்பவர்கள் செய்யும் ஒரு காரியம் நமக்கும் பொருந்தும். வெயில் ஏறினால் தேங்கிய தண்ணீரை விட்டுவிட்டு, கல்லில் மோதி நுரைத்து ஓடும் இடத்துக்குப் போய்விடுவார்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 30 டிகிரி கடல்நீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவுதான். அதே சூட்டில் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. அதனால் பெரிய மீன் ஓட்டமும் ஆழமும் உள்ள பக்கம் ஒதுங்கிவிடும். அரியமான் ஆழமில்லாத வடகடல் (பாக் விரிகுடா) கரை. உச்சி வெயிலில் அங்கே முழங்கால் தண்ணீர் காலைச் சுடும். கீச்சான் தாங்கும், விளமீன் போன்ற பெரிய மீன் தாங்காது.

"விடியற்காலையில் போ" என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் சரி. கடல்புல் அடர்ந்து, ஓட்டமில்லாமல் கிடக்கும் இடத்தில் விடிவதற்குச் சற்று முன்தான் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். இரவு முழுக்கப் புல்லும் சேர்ந்து மூச்சு விட்டு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. ஆகவே விடியலில் போனாலும் புல்லின் நடுவே போடாதீர்கள். புல் முடிந்து மணல் தொடங்கும் ஓரத்தில், தண்ணீர் நகரும் பக்கமாகப் போடுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. அழகன்குளத்தை ஒட்டிய ஆற்றங்கரையில் வைகை கடலில் சேர்கிறது. சித்திரையில் ஆற்றுத் தண்ணீர் வராவிட்டாலும் கடல் ஏற்றமும் வற்றமும் முகத்துவாரத்தில் ஓட்டத்தை உண்டாக்கும். வற்றம் தொடங்கியதும் உள்ளேயிருந்து இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே இழுபட்டு வரும். அதற்காகக் கொடுவா ஓரத்தில் காத்து நிற்கும். அது வெதுவெதுப்பான தண்ணீரை விரும்பும் மீன் என்பதால் கோடை அதற்குத் தடையே இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் வலுக்கும்; அட்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும். நாள் பார்க்கும்போது இதைப் பாருங்கள். அன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு என்று அந்த ஊர் மீனவரிடம் கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போவதாக இருந்தால் சித்திரையிலேயே, காற்று எழும்புவதற்கு முன் காலையில் போய்விடுங்கள். வைகாசி பிறந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வலுத்தால் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். பங்குனி, சித்திரையில் காற்றே இல்லாமல் திடீரென்று அலை ஏறும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் வருவதுண்டு. கடல் நிலையைச் சொல்லும் மத்திய அரசு மையமான இன்கோய்ஸ் (INCOIS) அறிவிப்பைப் பார்க்காமல் பாறை மேல் ஏறி நிற்காதீர்கள். பாம்பன் கால்வாயில் ஓட்டம் அருமையாக இருக்கும் என்று பாலத்தில் நின்று தூண்டில் போடவும் வேண்டாம்; வண்டி போகும் இடம் அது.

சரி, இரைக்கு வருவோம். உயிர் இறாலுக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. ஆனால் வாளித் தண்ணீர் வெயிலில் சூடேறியதும் எல்லாம் செத்துவிடும். அதைவிட ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் அதிக நேரம் தாங்கும். தூண்டில் முள்ளை இறாலின் தலைக்கொம்பின் அடியில் மட்டும் மேலாகக் கோருங்கள். உள்ளே தெரியும் கருப்புப் பகுதியில் குத்தினால் இறால் அப்போதே செத்துப்போகும். கொடுவாவுக்கு விரல் நீள மடவைக் குஞ்சை உதட்டில் கோர்த்து விடலாம்.

கீச்சான் தொல்லைக்கு மருந்து கணவாய். விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, ஒரு முனையில் மட்டும் முள்ளை ஏற்றுங்கள். எத்தனை கொத்தினாலும் கழன்று போகாது, விளமீன் வரும்வரை தாங்கும். மத்திக்கு நல்ல வாசனை, ஆனால் வெயிலில் குழைந்துவிடும். முந்தின இரவே துண்டு போட்டு, கல்லுப்புத் தூவி வையுங்கள். காலையில் இறுகி, முள்ளில் நிற்கும். ஐஸ் பெட்டியில் இரையைப் பையில் கட்டித்தான் வைக்க வேண்டும். உருகிய ஐஸ் தண்ணீர் பட்டால் வெளுத்து, சாரம் போய்விடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. கரையில் நின்று தூண்டில் போடும் உங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த நாட்களில் சந்தையில் புது இறாலும் கணவாயும் கிடைப்பது கஷ்டம். நாட்டுப்படகு கரை சேரும் நேரத்துக்குப் போய் வாங்குங்கள், அல்லது வீச்சுவலை போடுபவரிடம் சொல்லி வையுங்கள்.

கோடைக்காலத் தண்ணீர் தெளிவாக இருந்தால் தடித்த தூண்டில் நரம்பை மீன் பார்த்துவிடும். முள்ளுக்கு மேல் இரண்டு முழத்துக்கு 0.40 மில்லிமீட்டர் நரம்பு போதும். சீலா திரியும் இடமென்றால் மட்டும் முள்ளுக்கு மேல் கொஞ்சம் கம்பி கட்டுங்கள், இல்லையென்றால் பல்லில் அறுத்துக்கொண்டு போய்விடும். துளையுள்ள ஈயக்குண்டில் நரம்பு தாராளமாக ஓடும்படி கட்டினால், இரையை எடுக்கும் மீன் கனத்தை உணராது.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு அனுமதியில்லாமல் போக முடியாது, அந்தப் பக்கம் நினைக்கவே வேண்டாம். பிடித்த மீனை உடனே ஐஸில் புதையுங்கள். ஓராவோ கெளிறோ பட்டால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அவற்றின் விஷ முள் குத்திவிட்டால் தாங்கும் அளவு சூடான தண்ணீரில் அரை மணி நேரமாவது கையை வைத்திருங்கள், வலி தணியும். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். பேத்தை பட்டால் அப்படியே கடலில் விட்டுவிடுங்கள். அதன் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.