பென்சோயிக் அமில பீக் ஏன் நிலையாக நிற்பதில்லை?

கேள்வி: கோலா பானத்தில் காஃபினையும் பென்சோயிக் அமிலத்தையும் எச்பிஎல்சியில் (கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரிக்கும் கருவி) சி18 காலம் (column, எண்ணெய்த்தன்மையுள்ள துகள் நிரப்பிய குழாய்) வைத்துப் பிரிக்கிறேன். மொபைல் ஃபேஸ் (குழாய் வழியே ஓடும் திரவம்) பிஎச் 4.3. பென்சோயிக் பீக் (வரைபடத்தில் அது வெளிவரும் நேரத்தைக் காட்டும் மேடு) மட்டும் தினமும் இடம் மாறுகிறது. பம்ப் கோளாறா?

பம்ப் கெட்டிருந்தால் காஃபினும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். அது இந்த பிஎச்சில் அயனியாவதில்லை, அதனால்தான் அசையாமல் நிற்கிறது. பென்சோயிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அதில் பாதி அயனியாகும் பிஎச், 4.2. அதற்குப் பக்கத்திலேயே நீங்கள் நிற்பதுதான் சிக்கல். 4.2-இல் பாதி மூலக்கூறுகள் மின்னேற்றமில்லாமல் சி18 காலத்தில் ஒட்டும். 4.3 ஆனால் அது 44 சதவீதம்தான். பிஎச் மீட்டர் 0.1 தவறினாலே பீக் ஓடிவிடும்.

பாஸ்பேட் பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) போட்டு பிஎச்சை 2.5-க்கு இறக்குங்கள். அங்கே 98 சதவீதம் மின்னேற்றமில்லாமல் இருக்கும், 0.1 மாறினாலும் தெரியாது. 2-க்குக் கீழே போக வேண்டாம், சாதாரண சி18 தாங்காது. பீக் தாமதமாகும், சரி, அப்புறம் மொபைல் ஃபேஸில் மெத்தனாலைக் கூட்டிக்கொள்ளலாம். 10 சதவீதம் கூட்டினால் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். பலரும் மெத்தனாலில்தான் முதலில் கை வைக்கிறார்கள், பிஎச்சை முடிவு செய்யாமல் அது வீண்வேலை.

பிஎச்சை மெத்தனால் கலப்பதற்கு முன்பே, தண்ணீர்ப் பஃபரிலேயே சரிசெய்யுங்கள். கலந்தபின் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது.