நூறடித் தெரு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘மனை போட்டவரே தலைவரானால்’ என்ற உங்கள் குறிப்பைப் படித்தேன். நிலத்தை வெட்டி விற்றவர் கையில் ஊர் நிர்வாகமும் போனால் குளம், பூங்கா, ரோடு எதுவும் மிஞ்சாது என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒன்பது வருடமாக சிட்னியில் இருக்கிறேன். இங்கே அன்னண்டேல் என்று ஒரு பகுதி. ஜான் யங் என்ற காண்ட்ராக்டர் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர். அவரே நிலம் வாங்கி, அவரே மனை பிரித்து, பிறகு அவரே அந்த ஊரின் முதல் மேயராகவும் ஆனார். இன்றும் இங்கே அவர் பேரை மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். என் அப்பா நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். இப்போது எங்களோடு வந்து தங்கியிருக்கிறார். யங் கதையைச் சொன்னதும், “வெறுங்கையோட வந்து ஜெயிச்சிருக்கான் பாரு” என்றார். கட்டடத் தொழிலிலிருந்து வருபவர்களைப் பற்றி நீங்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்களோ?

க.ச., சிட்னி

அன்புள்ள க.ச.,

அவசரப்பட்டிருக்கலாம். ஆனால் அப்பாவிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள்: யங் வெறுங்கையோடு வரவில்லை. 1827-ல் கென்ட் மாவட்டத்தில் பிறந்தவர். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்காட்சி மாளிகை எழுந்தபோது வரைபடம் போடவும் வேலையை மேற்பார்க்கவும் அங்கே இருந்தவர். அந்தக் காலத்து உலகத்தின் பெரிய சைட்களில் ஒன்று அது. இரும்பையும் கண்ணாடியையும் ஒரே அளவில் பட்டறையில் செய்து கொண்டுவந்து, நின்ற இடத்தில் பூட்டிக் கட்டினார்கள். அந்த வித்தையைத் தெரிந்துகொண்டுதான் 1855-ல் மெல்பர்னுக்கு வந்தார்.

அதே 1855-ல், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா காலனியின் அரசு ஒரு சட்டம் போட்டது. கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் பத்து பவுண்டு தலைவரி. பத்து டன் கொள்ளளவுக்கு ஒரு சீனரைத்தான் ஏற்றிவரலாம். வரியிலிருந்து தப்ப ஆயிரக்கணக்கான சீனர்கள் பக்கத்துக் காலனியில் ரோப் என்ற சின்னத் துறைமுகத்தில் இறங்கி, விக்டோரியாவின் தங்க வயல்களுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போனார்கள். அவர்களும் குடியேறியவர்கள்தான். யங்கின் திறமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ‘வந்தான், ஜெயித்தான்’ என்று நாம் சொல்லும் கதைக்கு, கதவு யாருக்குத் திறந்திருந்தது என்ற முன்கதை ஒன்று உண்டு.

தொழில்காரர் என்று பார்த்தால் அசாத்தியமான மனிதர். சிட்னியின் தலைமைத் தபால் நிலையம், செயின்ட் மேரி கதீட்ரல், நிலத்துறைக் கட்டடம் மூன்றிலும் அவர் எடுத்துச் செய்த வேலை இருக்கிறது. என்னை மலைக்கவைப்பது கார்டன் பேலஸ். 1879 சர்வதேசக் கண்காட்சிக்காகத் தாவரவியல் பூங்காவை ஒட்டி ஒரு மாளிகை. வரைபடம் ஜேம்ஸ் பார்னட்டுடையது, காண்ட்ராக்ட் யங்குடையது. சிலுவை வடிவம், நடுவில் நூறடி விட்டத்தில் கும்மட்டம். எட்டே மாதத்தில் முடித்தார். பகல் போதாதென்று இங்கிலாந்திலிருந்து மின்விளக்கு வரவழைத்து ராத்திரி ஷிஃப்ட் ஓட்டினார். சாரத்தின் மேல் நின்றுகொண்டு அந்த வெளிச்சத்தை முதன்முதலாகப் பார்த்த தச்சனுக்கு எப்படி இருந்திருக்கும்!

பெரும்பகுதி மரம். 1882 செப்டம்பர் 22 விடியற்காலையில் தீப்பிடித்து சில மணி நேரத்தில் முடிந்துபோயிற்று. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஏடுகளும், அங்கே சேர்த்து வைத்திருந்த பழங்குடி மக்களின் பொருட்களும் கூடவே எரிந்தன. லண்டன் கிரிஸ்டல் பேலஸும் 1936-ல் எரிந்தது. யங் கைவைத்த இரண்டு மாளிகையும் சாம்பல்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1877-ல் யங் அன்னண்டேலில் ஜான்ஸ்டன் குடும்பத்திடமிருந்து 280 ஏக்கரை 121,000 பவுண்டுக்கு வாங்கினார். அடுத்த வருடமே ஒரு கம்பெனியைத் தொடங்கி அதற்கு அந்த நிலத்தை விற்று, கம்பெனி மூலமாக மனை பிரித்தார். இன்னொரு பக்கம், அன்னண்டேல் அப்போது சேர்ந்திருந்த லைக்கார்ட் நகராட்சியில் உறுப்பினர், மேயர். 1886-ல் சிட்னிக்கே மேயர். 1894-ல் அன்னண்டேல் தனி நகராட்சியாகப் பிரிந்தபோது முதல் மேயரும் அவர்தான். விற்பவரும் அவர், ஊரை ஆள்பவரும் அவர். இன்று எங்கள் ஊரில் இப்படி ஒருவர் நின்றால் முதல் ஆட்சேப மனு என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஆனால் அவர் மனை பிரித்த அன்னண்டேலின் ஜான்ஸ்டன் தெருவின் அகலம் நூறடி. அதை நான் மறுக்க முடியாது. சென்னைக்காரர்கள் ‘நூறடி ரோடு’ என்று தனியாகப் பேர் சொல்லி அழைக்கிற அகலம், ஒரு குடியிருப்புத் தெருவுக்கு! புண்ணியத்துக்காக விடவில்லை. பங்களா கட்டும் பணக்காரர்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள், அகலத் தெருவில் மனை நல்ல விலைக்குப் போகும். கணக்கு பாதிதான் பலித்தது. எதிர்பார்த்த அளவுக்குப் பணக்காரர்கள் வராததால் பெரிய மனைகளைக் குறுக்கிச் சின்னதாக்கி விற்றார்கள். தெருவை மட்டும் குறுக்க முடியவில்லை, ஏனென்றால் அது முதலிலேயே அளந்து விடப்பட்டுவிட்டது.

நான் இருக்கும் நகரில் இருபதடி ரோடு. தண்ணீர் லாரி முக்கில் திரும்பும்போது எதிர்வீட்டுக்காரர் பைக்கை எடுத்து உள்ளே வைக்கவேண்டும். நாங்கள் மனை வாங்கிய நாளில் காட்டிய வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்து ‘பூங்கா’ என்று எழுதியிருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். ஆகவே என் குறிப்பில் ஒரு திருத்தம் போடுகிறேன். மனை போட்டவர் தலைவராவதைவிட ஆபத்தானது, விற்று முடித்த பிறகும் வரைபடத்தைத் திருத்த வழி இருப்பது.

யங் அந்த ஜான்ஸ்டன் தெருவில் கூர்கூரான கோபுரம் வைத்து வரிசையாகச் சில வீடுகள் கட்டினார். சூனியக்காரித் தொப்பி மாதிரி இருப்பதால் ‘விட்சஸ் ஹவுசஸ்’ என்பார்கள். அதில் கெனில்வொர்த் என்ற வீட்டில்தான் ஹென்றி பார்க்ஸ் 1896-ல் இறந்தார். அவரும் இங்கிலாந்திலிருந்து வந்த தொழிலாளிதான், தந்தக் கடைசல்காரர். ஐந்து முறை நியூ சவுத் வேல்ஸின் முதல்வராக இருந்தும் கடன் தீராதவர். யங்கைப் பற்றி எழுதுவதைவிட அவரைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை, இன்னொரு நாள்.

அதே தெருவில் ‘அபே’ என்ற கல் வீடும் இருக்கிறது. கதீட்ரல் வேலையில் மிஞ்சிய கல்லையும் சிற்பத்தையும் யங் இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையா என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த மேஸ்திரி வீட்டில் சைட் ஜல்லி இல்லை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அங்கே கூட்டிப்போங்கள். வெளிச்சுவர் பக்கம் நிற்கவைத்து, கல்லின் கொத்தையும் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார் என்று அவர் வார்த்தையிலேயே எனக்கு எழுதுங்கள்.