மீட்டரில் 600 வோல்ட், ஃபியூஸில் 250: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். முகப்பில் 'கேட் 3, 600 வோல்ட்' (கட்டட மின்வயரிங்கில் அளக்க ஏற்றது என்ற பாதுகாப்புத் தரம்) என்று அச்சிட்ட டிஜிட்டல் மல்டிமீட்டரை ஆன்லைனில் வாங்கினேன். மெயின்ஸ் வோல்டேஜ் பார்க்கும்போது அது வெடித்து விரலில் தீக்காயம். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே கண்ணாடி ஃபியூஸ், அதில் 250 வோல்ட் என்று இருக்கிறது. 'ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, மூடியைத் திறந்ததால் வாரண்டியும் போச்சு' என்கிறார் விற்றவர். என்ன செய்யலாம்?

பதில்: ரிட்டர்ன் காலம் என்பது விற்பவர் வைத்துக்கொண்ட கணக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 புகார் கொடுக்க உங்களுக்கு 2 ஆண்டு தருகிறது. தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு கிளப்பும். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியதற்கு விலக்கு உண்டு. அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

முகப்பில் அச்சிட்ட 600 வோல்ட் வெறும் அலங்காரம் அல்ல, வெளிப்படையான உத்தரவாதம். பொருள் அதற்கு ஒத்துவராவிட்டால், கவனக்குறைவே இல்லை என்று நிரூபித்தாலும் தயாரிப்பாளர் தப்ப முடியாது (பிரிவு 84). தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால், பிரிவு 86-இன்படி விற்றவரைப் பிடிக்கலாம். பெயர் தெரியாத பிராண்டுகளில் இதுதான் பெரும்பாலும் கைகொடுக்கும்.

சரி, இனி சங்கடமான கேள்வி. வெடித்தபோது சிவப்பு வயர் எந்தத் துளையில் இருந்தது? வோல்ட் துளையில் என்றால் உங்கள் பக்கம் பலம். ஆனால் அந்தப் பாதையில் பொதுவாக ஃபியூஸ் வராது. அப்போது ஃபியூஸ் வெடிப்புக்குக் காரணம் அல்ல, தரக்குறைவுக்குச் சாட்சி மட்டுமே. மின்னோட்டம் அளப்பதற்கான 10 ஆம்பியர் துளையில் என்றால் அது தவறான பயன்பாடு. விற்றவர் மீதான காய இழப்பீட்டுக் கோரிக்கையை பிரிவு 87 தடுத்துவிடும். அப்போதும் முகப்பில் ஒன்று, உள்ளே ஒன்று என்ற புகார் நிற்கும், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எதுவானாலும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். கருகிய துளை எது என்பதை ஆய்வகம் எப்படியும் பார்த்துச் சொல்லிவிடும்.

மூடியைத் திறந்ததற்குப் பயப்பட வேண்டாம். பொருளை மாற்றியமைத்தார் என்ற எதிர்வாதம் காயம் ஏற்பட்ட நேரத்தைப் பற்றியது. நீங்கள் திறந்தது வெடித்த பிறகு. இனிமேல் மட்டும் கைவைக்காதீர்கள். ஃபியூஸ் முனையில் உள்ள எழுத்து தெரியும்படி படமெடுத்து, எல்லாவற்றையும் ஒரே உறையில் ஒட்டி வையுங்கள். நுகர்வோர் ஆணையமே சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்படி மனுவில் கேட்கலாம். விற்பனைப் பக்கத்தையும் இன்றே சேமியுங்கள். புகார் போனதும் வர்ணனையை மாற்றிவிடுவார்கள்.

முதலில் எழுத்தில் நோட்டீஸ், அப்புறம் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. சிகிச்சை ரசீதுகளையும் இணையுங்கள்.

அடுத்து வாங்கும் மீட்டரில் சுயேச்சையான சோதனைக்கூடத்தின் முத்திரையும், முகப்பில் போட்ட வோல்ட்டுக்குக் குறையாத பீங்கான் ஃபியூஸும் இருக்கட்டும்.