ஏல அட்டை விளையாட்டில் காசு எங்கே போகிறது?

ஒரு வாசகர் எழுதிய கேள்வி இது: "விடுமுறைக்காகத் தேவதைக் கதைகளை வைத்து ஓர் ஏல அட்டை விளையாட்டை வீட்டிலேயே வரைந்து செய்தோம். கண்ணாடிச் செருப்பு, மாயக் கண்ணாடி, பொன் முட்டையிடும் வாத்து என்று 1 முதல் 25 வரை மதிப்பிட்ட 25 அட்டைகள். நான்கு பேருக்கும் ஆளுக்கு 20 காசு. ஒவ்வோர் அட்டையாகத் திருப்பி ஏலம் விடுகிறோம். எட்டு வயது மகள், பிடித்த படம் வந்தவுடன் கையிலுள்ளதை எல்லாம் கொட்டிவிட்டுப் பிறகு விளையாட ஒன்றுமில்லாமல் அழுகிறாள். பன்னிரண்டு வயது மகன், மற்றவர்கள் காலியாகும்வரை காத்திருந்து, கடைசி அட்டைகளை ஒவ்வொரு காசுக்கு அள்ளுகிறான். மாமியாரும் நானும் நடுவில் வேடிக்கை பார்க்கிறோம். விதியை எப்படி மாற்றலாம்?"

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு நிதானம் போதாது என்றோ மகனுக்குப் பேராசை அதிகம் என்றோ எண்ண வேண்டாம்; நீங்கள் வகுத்த விதிகளுக்குள் மகன் செய்வதே சரியான ஆட்டம். நான்கு பேரிடமும் சேர்த்து இருப்பது 80 காசு. விற்க வேண்டியவை 25 அட்டைகள். ஆக, ஓர் அட்டைக்குச் சராசரியாக மூன்று காசுக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். கொடுத்த காசு நேரே பெட்டிக்குள் போய்விடுவதால் ஆட்டத்தில் புழங்கும் பணம் சுற்றுக்குச் சுற்று வற்றுகிறது. எனவே ஓர் அட்டையின் விலையை அதன் மதிப்பு தீர்மானிப்பதில்லை, அந்த நேரத்தில் எதிராளிகளின் கையில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இதைப் பன்னிரண்டு வயதில் கண்டுபிடித்துவிட்ட பையனைத் திட்டாதீர்கள். ஏல விளையாட்டு எதுவானாலும், வாங்கும் முன்போ செய்யும் முன்போ நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏலத்தில் கொடுத்த காசு எங்கே போகிறது?

இதற்கு நல்ல விடை தந்த விளையாட்டுகள் சில உண்டு. ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஸ்டெஃபான் டோராவின் 'ஃபார் சேல்' 1997இல் வெளிவந்தது. அட்டைப்பெட்டி வீட்டில் தொடங்கி விண்வெளி நிலையம் வரை 1 முதல் 30 வரை எண்ணிட்ட வீடுகளை அதில் ஏலம் எடுக்க வேண்டும். அங்கே ஒரு நேரத்தில் ஓர் அட்டை வைப்பதில்லை. எத்தனை பேர் ஆடுகிறார்களோ அத்தனை அட்டைகளை ஒருசேரத் திருப்பி வைப்பார்கள். சுற்றி வரும்போது ஒவ்வொருவரும் முந்தைய தொகைக்கு மேலே கேட்க வேண்டும், அல்லது விலக வேண்டும். விலகுகிறவர் அப்போது மேசையில் உள்ளவற்றில் மிகக் குறைந்த எண்ணுள்ள அட்டையை எடுத்துக்கொண்டு, தாம் கேட்டிருந்த தொகையில் பாதியைத் திரும்பப் பெறுவார். கடைசிவரை நிற்பவர் மட்டும் முழுத் தொகையையும் செலுத்தி உயர்ந்த அட்டையைப் பெறுவார். இந்த ஒரே விதி உங்கள் வீட்டின் இரண்டு சிக்கல்களையும் அவிழ்த்துவிடுகிறது. எவ்வளவு தோற்றாலும் சுற்றுக்கு ஓர் அட்டை கையில் வந்துவிடுவதால் மகள் வெறுங்கையோடு உட்கார நேராது; எவ்வளவு சேர்த்து வைத்திருந்தாலும் சுற்றுக்கு ஓர் அட்டைக்கு மேல் எடுக்க முடியாது என்பதால் மகனின் சேமிப்புக்குக் கடைசியில் வேலையே இருக்காது.

உங்கள் 25 அட்டைகளில் ஒன்றைப் பார்க்காமல் ஒதுக்கிவிட்டால் 24 அட்டைகள். நான்கு பேருக்கு ஆறு சுற்றுகள். அந்த ஒதுக்கிய அட்டை எது என்று யாருக்கும் தெரியாதது நல்லது, எண்ணிக்கை வைத்து ஆடுபவரை அது சற்றுத் தடுமாறச் செய்யும். 20 காசு இதற்குப் போதும். கேட்ட தொகை ஒற்றைப்படையாக இருந்து பாதி சரியாக வராவிட்டால், அந்த அரைக் காசை விலகுகிறவருக்கே விட்டுக்கொடுங்கள். 5 காசு கேட்டு விலகியவருக்கு 3 காசு திரும்பட்டும். எட்டு வயதில் 'பாதி' கணக்குச் சற்றுத் தடுக்கும் என்றால், காசை இரண்டு இரண்டாகவே கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், ஒவ்வோர் அட்டையாக எடுத்து "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று கூறுவதில் உள்ள சுவையை இழக்க மாட்டோம் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கலாம், அதுவும் நியாயமே. அப்போது ஏலச்சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டை ஏலத்தில் எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடித் தொகை, நடத்துபவரின் கழிவு போக, சீட்டில் சேர்ந்தவர்களுக்குப் பிரிவது உங்கள் மாமியாருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அதே போல, அட்டையை எடுத்தவர் கொடுத்த காசைப் பெட்டியில் போடாமல் மற்ற மூவருக்கும் சமமாகப் பிரித்துவிடுங்கள்; மீதி வந்தால் நடுவில் வைத்து அடுத்த ஏலத்தொகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் 12 காசு கொட்டினால் மற்றவர்களுக்கு ஆளுக்கு 4 காசு சேரும். ஆனால் அடுத்த நல்ல அட்டைக்கு மகன் 9 காசு கொடுக்கும்போது அதில் 3 காசு அவளிடமே திரும்பி வரும். ரூடிகர் கோல்ட்ஸே வடிவமைத்து 1985இல் வெளிவந்த 'கூஹாண்டெல்' என்ற ஜெர்மானிய விளையாட்டிலும் பணம் வெளியே போவதில்லை. ஏலம் எடுத்தவர் அந்தத் தொகையை ஏலம் விட்டவரிடமே கொடுக்க வேண்டும், அல்லது ஏலம் விட்டவர் அதே தொகையை அவருக்குக் கொடுத்து விலங்கைத் தாமே வைத்துக்கொள்ளலாம். போதாக்குறைக்கு, கழுதை அட்டை திரும்பும் ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் புதுப் பணம் கிடைக்கும். பணம் சுற்றிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில் யாரும் நிரந்தர ஏழையாவதில்லை.

பகிரும் விதியையும் பாதி திரும்பும் விதியையும் ஒரே ஆட்டத்தில் கலக்க வேண்டாம். என்னைக் கேட்டால், அழுகை நிற்க வேண்டும் என்பதே உங்கள் முதல் தேவை என்பதால், ஒருசேரத் திருப்பும் முறையைத்தான் முதலில் ஆடிப் பார்க்கச் சொல்வேன்.

மகள் அதிகம் கேட்டுவிடுவதற்கு வேறொரு மருந்தும் உண்டு. பெரியவர்களுக்கே அது வியப்பாக இருக்கும். ஒவ்வொருவரும் தம் தொகையைத் துண்டுச்சீட்டில் மறைவாக எழுதி ஒரே நேரத்தில் திறக்கட்டும். மிக அதிகம் எழுதியவருக்கு அட்டை, ஆனால் அவர் செலுத்த வேண்டியது இரண்டாவதாக வந்த தொகையை மட்டுமே. மகள் 15 எழுதி, அடுத்தவர் 4 எழுதியிருந்தால், அவள் தருவது 4 காசுதான். இந்த முறையை 1961இல் வெளிவந்த கட்டுரையில் ஆராய்ந்த பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1996இல் நோபல் பரிசு பெற்றார். ஒரே ஒரு பொருள் ஏலத்துக்கு வரும்போது, தமக்கு அது எவ்வளவு பெறுமோ அதை ஒளிக்காமல் எழுதுவதே இம்முறையில் ஒருவருக்கு மிக நல்ல உத்தி என்பது அவருடைய முடிவு. பல அட்டைகளும் அளவான காசும் உள்ள உங்கள் ஆட்டத்தில் அது அப்படியே பொருந்தாது என்றாலும், ஆசைப்பட்டதை ஆசைப்பட்டபடியே எழுதும் பிள்ளை இங்கே பெரிதாகத் தண்டிக்கப்படுவதில்லை. மெல்லப் பேசும் பாட்டிக்கும், கூச்சல் போட்டு விலையை ஏற்றத் தெரியாதவர்களுக்கும் மறைவுச் சீட்டு ஏற்றது.

இனி, படத்துக்காகக் காசு கொட்டுவதைப் பற்றி. மகள் எண்ணைப் பார்க்காமல் படத்தைப் பார்க்கிறாள் என்று நீங்கள் வருந்துகிறீர்கள். ஏலக் கோட்பாட்டிலோ இது ஓர் அடிப்படை வேறுபாடு. எண்ணெய் வயலைப் போல எல்லோருக்கும் உண்மையில் ஒரே மதிப்புள்ள பொருள் ஒரு வகை. ஓவியத்தைப் போல ஆளுக்கொரு மதிப்புள்ள பொருள் மற்றொரு வகை. இந்தத் துறையில் ஆராய்ந்ததற்காகத்தான் பால் மில்கிரோம், ராபர்ட் வில்சன் இருவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் அட்டைகளில் எண் மட்டுமே மதிப்பு என்பதால் ஆட்டம் முழுவதும் முதல் வகையில் அடங்கிவிட்டது. கணக்கில் கெட்டிக்காரர் வெல்வார், கதை வெறும் அலங்காரமாக நிற்கும். 25 அட்டைகளையும் ஐந்து கதைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கதையிலும் பெரிய எண்ணும் சிறிய எண்ணும் கலந்து ஐந்து அட்டைகள் இருக்கட்டும். ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கதையின் பெயரை மறைவாகக் கொடுங்கள். இறுதியில் அந்தக் கதையைச் சேர்ந்த அட்டை ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண் கூடுதல். இப்போது 3 என்ற எண்ணுள்ள கண்ணாடிச் செருப்பு ஒருத்திக்கு 13, மற்றவர்களுக்கு வெறும் 3. அவள் அதற்கு ஏன் அடித்துப்பிடித்துக் கேட்கிறாள் என்று அண்ணன் யோசிக்கத் தொடங்குவான். ஆசையா, ஏமாற்றா என்பது அவனுக்குத் தெரியாது. (செருப்பு கண்ணாடியாலானது 1697இல் பெரோ எழுதிய கதையில்தான், கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் அது பொன்னாலானது. வரைவதற்குப் பொன் எளிது.)

சில ஆட்டங்கள் பழகிய பிறகு மூன்று சாப அட்டைகளைச் சேருங்கள்: 'சூனியக்காரியின் சாபம்', மதிப்பு கழித்தல் 10. மொத்தம் 28 அட்டைகள், ஏழு சுற்றுகள். ஒதுக்கி வைக்க வேண்டிய தேவையும் இராது. ஒருசேரத் திருப்பும் முறையில் சாபமே மேசையின் மிகக் குறைந்த அட்டை என்பதால், முதலில் விலகுகிறவர் தலையில்தான் அது விழும். காசு செலவழிக்காமல் நழுவிக் காத்திருக்கும் உத்திக்கு இதைவிட நேரான மறுமொழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் மகனும் கையை அவிழ்க்க வேண்டிவரும். ரெய்னர் க்னிட்சியாவின் 'ஹை சொசைட்டி' (1995) என்ற ஏல விளையாட்டிலும் முதலில் விலகுபவரே கெட்ட அட்டையைப் பெறுகிறார். அதே விளையாட்டின் மற்றொரு புகழ்பெற்ற விதியை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்: முடிவில் கையில் மிகக் குறைந்த பணம் வைத்திருப்பவர், எவ்வளவு சேர்த்திருந்தாலும் போட்டியிலிருந்தே நீக்கப்படுவார். கூர்மையான விதிதான், எட்டு வயதுப் பிள்ளைக்கோ அது வேண்டாத கொடுமை.

அட்டைகளைத் திருத்தும் முன், பிள்ளைகள் இருவரையும் ஒரு சாதாரணச் சீட்டுக்கட்டில் கூஃப்ஸ்பீல் என்ற பழைய ஏல ஆட்டத்தை ஆடச் சொல்லலாம். சீட்டுக்கட்டை வீட்டுக்குள் விடாத பெரியவர்கள் இருந்தால் 1 முதல் 13 வரை எழுதிய தாள்களே போதும். டைமண்ட் சீட்டுகள் 13ஐயும் கலைத்துப் பரிசுகளாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஆளுக்கொரு இனத்தின் 13 சீட்டுகளும் அவரவர் காசு. பரிசு ஒன்று திரும்பியதும் இருவரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒன்றாகத் திறப்பார்கள். பெரியது பரிசை எடுக்கும், கேட்ட சீட்டுகள் இரண்டுமே ஆட்டத்தை விட்டுப் போகும், சமமானால் பரிசு அடுத்த சுற்றுக்குத் தங்கும். பரிசுகளின் கூட்டுத்தொகை 91 என்பதால் 46 எடுத்தவர் வென்றார். இங்கே மகள் ராஜாவை எவ்வளவு வீணாக்கினாலும் இன்னும் 12 சீட்டுகள் அவள் கையில் இருக்கும். அத்தனையையும் ஒரே பரிசில் கொட்ட விதியே இடம் தராது. நாலைந்து ஆட்டம் ஆடியபின், 3க்கு ராஜாவை இறக்கியதால் பெரிய பரிசுக்குக் கையில் ஒன்றுமில்லாமல் போனதை அவளே கவனிப்பாள். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

காசுக்குப் புளியங்கொட்டை நன்றாகவே பொருந்தும். எல்லோருடைய இருப்பும் மேசைமேல் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும், சின்னவள் மட்டும் நினைவில் வைத்துத் தடுமாற வேண்டாம். மாமியார் விரும்பினால் ஆடிக்கொண்டே ஏலம் கூறும் பொறுப்பையும் அவரிடம் விடுங்கள். மூன்றாம் தரம் சொல்வதற்கு முன் எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.