தம்பியை ஏன் லீவு போடச் சொன்னீர்கள்?

கேள்வி: துபாயில் 15 வருடமாக இருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் நிதிப் பிரிவு மேனேஜர். போன வருடம் என் நாற்பதாவது பிறந்தநாளுக்கு விலை உயர்ந்த சுவிஸ் வாட்ச் ஒன்று வாங்கினேன். அந்தக் கம்பெனியிலிருந்து இப்போது அழைப்பு வந்திருக்கிறது. இங்குள்ள ஒரு கோல்ஃப் கிளப்பில் ஒரு நாள் முழுக்கத் தொழில்முறை வீரர்களோடு சேர்ந்து ஆடலாம், கூட ஒருவரை அழைத்து வரலாம். வியாழக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். எனக்கு கோல்ஃப் அவ்வளவாக வராது, பயிற்சி மைதானத்தில் நாலைந்து தடவை அடித்ததோடு சரி. என்ன உடுத்துவது, அந்த வீரர்களிடம் எப்படிப் பேசுவது, கூட மனைவியை அழைத்துப் போவதா எங்கள் எம்.டி.யையா என்று ஒரே குழப்பம். அந்தக் கூட்டத்தில் ஒட்டாமல் தெரிவேனோ என்று பயமாக இருக்கிறது. (என் தம்பி அதே கிளப்பில்தான் புல் வெட்டும் வேலையில் இருக்கிறான். நான்தான் விசா எடுத்து வரவழைத்தேன். அன்று லீவு போடச் சொல்லிவிட்டேன், அதனால் அந்தச் சங்கடம் இல்லை.) வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், துபாய்

பதில்: உங்கள் மூன்று கேள்விகளுக்கும் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். சொல்கிறேன். அதற்கு முன் அந்த அடைப்புக்குறிக்கு வருவோம்.

சட்டை, எம்.டி., பெரிய வீரர்கள் என்று பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். கூடப் பிறந்தவன் வருவது ஒரே இடத்தில்தான். அதுவும் அடைப்புக்குறிக்குள், 'சங்கடம்' என்ற பெயரில். இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை, கோல்ஃப் மட்டும்தான் புதிது. மகள் நிச்சயதார்த்தத்தன்று சமையல்காரரான சொந்த அண்ணனை வேறு ஊருக்கு வேலைக்கு அனுப்பிவைத்தவர் எனக்கு எழுதியிருக்கிறார். ஆபீஸ் நண்பர்கள் முன்னால் அப்பாவை 'ஊர்க்காரர்' என்று சொன்னவரும் எழுதியிருக்கிறார். எல்லோரும் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, விருந்தில் எப்படி நடந்துகொள்வது என்றுதான் கேட்பார்கள்.

லீவு போடச் சொன்னபோது உங்கள் தம்பி என்ன சொன்னான்? அதை நீங்கள் எழுதவில்லை. "சரிண்ணே" என்றிருப்பான். ஏன் என்று கேட்டிருக்க மாட்டான். கேட்கத் தேவையில்லாமலே அவனுக்குப் புரிந்திருக்கும். ஒரு நாள் சம்பளம் பிடிப்பார்கள், அல்லது ஊருக்கு வந்து அம்மாவோடு இருக்க வைத்திருந்த லீவில் ஒரு நாள் போகும். அதைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது? விசா எடுத்துக் கொடுத்ததாலா? வேலைக்குக் கூட்டி வந்ததும் நீங்கள், அந்த வேலையைப் பார்த்துக் கூசுவதும் நீங்கள்.

அது என்ன வேலை என்று என்றைக்காவது கேட்டதுண்டா? நீங்கள் அன்று நிற்கப்போகும் கிரீனை, பந்து உருண்டு குழிக்குப் போகும் அந்த வட்டத்தை, விடிவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். புல்லின் உயரம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். 108 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் குழியையும் ஒரே இடத்தில் விட்டுவைக்க மாட்டார்கள். பழையதை அடைத்து, வேறு இடத்தில் புதிதாக வெட்டுவார்கள். கோடைக்கு பெர்முடா புல், குளிர்காலம் வரும் முன்னால் பல மைதானங்களில் அதன் மேலேயே ரை புல் விதை தூவித் தண்ணீர் காட்ட வேண்டும். 1988-ல் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் திறக்கும்வரை அந்த வட்டாரத்தில் முழுக்கப் புல்லால் ஆன பந்தய மைதானமே கிடையாது. எண்ணெய் கலந்த மணலைச் சமன் செய்து, அதற்குக் கிரீன் என்று சொல்ல முடியாமல் 'பிரவுன்' என்று பெயர் வைத்து ஆடினார்கள். பாலைவனத்தில் பச்சையாக ஒரு துண்டு நிலம் நிற்கிறது என்றால், உங்கள் தம்பி மாதிரி ஆட்கள் ஒரு நாள் தவறாமல் அதன் மேல் குனிந்து கிடப்பதால்தான்.

வாட்ச் கம்பெனியின் அழைப்பு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோலெக்ஸ் கோல்ஃபுக்குள் வந்தது 1967-ல், ஆர்னால்டு பாமர் என்கிற அமெரிக்க வீரர் வழியாக. அவர் யார் பிள்ளை? பென்சில்வேனியாவில் லாட்ரோப் என்கிற சின்ன ஊரின் கிளப்பில் புல் பராமரித்தவரின் பிள்ளை. வேலைக்காரர் வீட்டுப் பையன் என்பதால், உறுப்பினர்களின் பிள்ளைகளைப்போல அங்கே அவரால் புழங்க முடியாது. 1971-ல் அந்த கிளப்பையே விலைக்கு வாங்கினார், அப்பா உயிரோடு இருந்தபோதே. செவெ பாயெஸ்தெரோஸ், 1992-ல் துபாய் டெசர்ட் கிளாசிக் என்ற கோல்ஃப் போட்டியை வென்ற ஸ்பெயின்காரர், சிறுவயதில் பிறர் பையைச் சுமந்த கேடி. கடற்கரை மணலில் அவர் அடித்துப் பழகிய ஒற்றை மட்டை அண்ணன் மனுவேல் கொடுத்தது. அங்கே ஓர் அண்ணன் தம்பிக்கு மட்டை கொடுத்தான். நீங்கள் லீவு போடச் சொல்கிறீர்கள். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள், உங்களுக்கோ தம்பியைப் பார்த்தே பயம்.

அந்தக் கூட்டத்தில் யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்று பாருங்கள். தொழில்முறை வீரர்களுக்குப் புல்லைப் பார்த்துக்கொள்பவரின் அருமை நன்றாகத் தெரியும், அவர்கள் பிழைப்பே அந்தப் புல்லில்தான். மீதிப் பேர் உங்களைப்போல வாட்ச் வாங்கியவர்கள். அவர்களை மறுபடி பார்ப்பீர்களோ இல்லையோ. தம்பியை உங்கள் அம்மாவின் கடைசிக் காரியம்வரை பார்த்தாக வேண்டும், பக்கத்தில் நின்று தோள் கொடுக்கப்போவது அவன்தான். மூத்தவன் என்பது முதலில் பிறந்ததற்காகக் கிடைக்கும் மரியாதை மட்டும் என்று நான் நினைத்ததே இல்லை. நாலு பேர் முன்னால் தம்பியை 'என் தம்பி' என்று சொல்லத் தெரியாதவனுக்கு அந்த இடம் எதற்கு?

இனி உங்கள் கேள்விகள். காலர் வைத்த டி-ஷர்ட், பேன்ட் போதும். ஜீன்ஸ் வேண்டாம். ஹேண்டிகேப், அதாவது உங்கள் ஆட்டத் திறமையைக் காட்டும் எண், எவ்வளவு என்று கேட்பார்கள், இல்லை என்றே எழுதுங்கள், ஓர் எண்ணைக் கற்பனை செய்யாதீர்கள். உங்களோடு ஆடும் வீரரிடம் முதல் வார்த்தையாக "எனக்குப் பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டால் மட்டையைப் பிடிக்கும் விதத்தை அவரே திருத்திக் கொடுப்பார். விருந்தினர் ஆட்டம் பெரும்பாலும் குழுவாகத்தான் நடக்கும். எல்லோரும் அடிப்பார்கள், நன்றாக விழுந்த பந்து கிடக்கும் இடத்திலிருந்து எல்லோரும் அடுத்ததை அடிப்பார்கள். உங்கள் பந்து மணலில் புதைந்தாலும் ஆட்டம் கெடாது. ஒருவர் பந்து குழிக்குப் போகும் பாதையை மிதிக்காதீர்கள், போனை அணைத்து வையுங்கள். பந்து விழுந்து கிரீனில் பள்ளமானால் அதை நீங்களே சரிசெய்யுங்கள். மணல் குழியிலிருந்து வெளியே வரும்போது, ஓரத்தில் கிடக்கும் வாரியை எடுத்து உங்கள் கால் தடத்தைச் சமன் செய்துவிட்டு வாருங்கள். இது அந்த ஆட்டத்தின் மரியாதை. செய்யாமல் போனால் யார் வந்து செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

கூட யார்? மனைவிக்கு ஆசை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. எம்.டி. தன் சொந்த அழைப்பில் போகட்டும். தம்பிக்கு லீவு கிடைத்துவிட்டதல்லவா? அந்த இரண்டாவது இடத்தில் அவன் பெயரை எழுதுங்கள். அவன் அங்கே வேலை செய்பவன் என்பதை மறைக்காமல் முதலிலேயே அழைத்தவர்களிடம் சொல்லுங்கள், பிறகு அவன் வேலைக்கு ஒரு தொல்லை வரக்கூடாது. அவர்கள் மறுத்தாலோ, அவனே வேண்டாம் என்றாலோ வற்புறுத்த வேண்டாம். லீவை ரத்து செய்யச் சொல்லுங்கள். அன்று மைதானத்தில் அவன் எதிர்ப்படும்போது வண்டியை நிறுத்தி இறங்குங்கள். அந்த வீரரிடம், "இவன் என் தம்பி, இந்தப் புல்லை இவன்தான் பார்த்துக்கொள்கிறான்" என்று சொல்லுங்கள். போட்டோ எடுக்கிறேன் என்று அவன் வேலையைக் கெடுக்காதீர்கள். கையில் பணம் திணிக்காதீர்கள்.

வருவதாகச் சொன்னால் அவனுக்கும் ஒரு ஜோடி ஷூ வாங்க வேண்டியிருக்கும். அவன் கால் அளவு உங்களுக்குத் தெரியுமா?

வியாழக்கிழமைக்கு முன் இதையெல்லாம் அவனிடம் பேசிவிடுங்கள். போனில் வேண்டாம், அவன் ரூமுக்கே போங்கள். கூட நாலைந்து பேர் தங்கியிருப்பார்கள், கையை வீசிக்கொண்டு போகாமல் எல்லோருக்கும் சேர்த்துச் சாப்பிட ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள்.