இப்போதைக்கு எங்கே குடியிருக்கிறீர்கள்? ஸ்பானிஷ் கேள்வி பதில்

கேள்வி: 6 மாதப் படிப்புக்காக பலென்சியா வந்திருக்கிறேன். பலென்சியாவில் குடியிருக்கிறேன் என்று சொல்ல ‘பீபோ என் பலென்சியா’ என்பதா, ‘எஸ்தோய் பிபியெந்தோ என் பலென்சியா’ என்பதா?

பதில்: இரண்டும் சரிதான். பீபோ என்றால் உங்கள் குடியிருப்பு அங்கே, அவ்வளவுதான். எஸ்தோய் பிபியெந்தோ என்றால் இப்போதைக்கு அங்கே, அப்புறம் மாறலாம். எத்தனை மாதம் என்பது கணக்கில்லை, அதை நீங்கள் தற்காலிகமாக நினைக்கிறீர்களா என்பதே கணக்கு. மாத்ரித்தில் நகராட்சிக் குடியிருப்புப் பதிவேட்டில் பெயர் சேர்க்கப் போனேன். ‘தோந்தே பீபே?’ (எங்கே குடியிருக்கிறீர்கள்?) என்று கேட்டார்கள். ‘எஸ்தோய் பிபியெந்தோ’ என்று ஆரம்பித்ததுமே கவுண்டரில் இருந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, “அப்படியானால் வழக்கமாக இருக்கும் வீடு எது?” என்றார். அந்தப் பதிவேட்டுக்கு வேண்டியது அந்த வீடுதான். படிவம், பதிவேடு என்று வந்தால் பீபோ சொல்லுங்கள்.

கேள்வி: தோழி வீட்டில் 2 வாரம் இருக்கிறேன்.

பதில்: அதற்கு பிபியெந்தோ கொஞ்சம் கனம். ‘மே எஸ்தோய் கெதாந்தோ என் காசா தெ உனா அமிகா.’ நாம் சொல்லும் ‘தங்கியிருக்கிறேன்’ இதுதான்.

கேள்வி: அடுத்த மாதம் செபீயாவுக்கு வீடு மாறுகிறேன். எஸ்தோய் போடலாமா?

பதில்: கூடாது. இனி நடக்கப்போவதற்கு இந்த வடிவம் வராது. ‘மே முதோ எல் மேஸ் கெ பியெனே.’

கேள்வி: 3 மாதமாக இங்கே இருக்கிறேன் என்பதை எப்படிச் சொல்வது?

பதில்: ‘யேபோ த்ரெஸ் மேஸெஸ் பிபியெந்தோ அகீ.’ யேபோ என்றால் கொண்டுபோகிறேன். 3 மாதத்தைக் கையோடு கொண்டுவந்திருப்பது போன்ற அழகான வழக்கு, விடாதீர்கள்.

கேள்வி: நாளை கிளம்புகிறேன் என்பதற்கு எஸ்தோய்?

பதில்: வராது. செபீயா கேள்விக்குச் சொன்னதேதான்.

கேள்வி: எஸ்தோய் பிபியெந்தோ என்பதே ஆங்கிலத்தைப் பார்த்து வந்த வழக்கு இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. சித் என்ற வீரனைப் பாடும், சுமார் 800 ஆண்டுப் பழைய ஸ்பானிஷ் ‘சித் காவியம்’ பாருங்கள். கிடைத்திருக்கும் சுவடியின் 2-ஆம் அடியிலேயே ‘எஸ்தாபலோஸ் கதாந்தோ’ (அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்) வருகிறது. நாடுகடத்தப்பட்ட சித், விட்டுப்போகும் தன் வீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த இடத்தில் வேறு எந்த வடிவமும் அவ்வளவு வலிக்காது.

கேள்வி: (அவரே) அப்படியானால் ஆசிரியர்கள் ஏன் திருத்துகிறார்கள்?

பதில்: அவர்கள் திருத்துவது வேறு. கடிதத்தில் ‘லெ எஸ்தோய் எம்பியாந்தோ’ (உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்) என்று எழுதுவதை ஆங்கிலச் சாயல் என்பார்கள். ‘லெ எம்பீயோ’ (அனுப்புகிறேன்) போதும். அதற்காக, பேச்சில் புழங்கும் நல்ல வழக்கையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டாம்.

கேள்வி: டிசம்பரில் ஊர் திரும்புகிறேன். எஸ்தோய்…

பதில்: ‘புவெல்போ என் திசியெம்ப்ரே.’ எஸ்தோய் வேண்டாம்.